கன்னத்து நீலத்துக்கு ஒரு சாட்சி

எங்கள் அலுவலகத்தில் எல்லா மீனும் இடது பக்கம் பார்த்துத்தான் நீந்தும். கடலில் எப்படி வேண்டுமானாலும் போகட்டும், அரசாங்கக் காகிதத்துக்கு வந்துவிட்டால் தலை இடது, வால் வலது. அதுதான் முறை. அப்படி இடது பக்கமாகவே முப்பத்தோரு வருடம் மீன் வரைந்தவர் மீனக்கா. பணிப் பதிவேட்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் பக்கத்து அறை. ஆவணக் காப்பாளர். அவர் வரைந்து முடித்த தாள்களுக்கு எண் போட்டு, பட்டர் பேப்பர் மூடி, இரும்பு அலமாரியின் அகல இழுப்பறைகளில் படுக்க வைப்பது என் வேலை. எனக்கு மீன் வாடை ஆகாது. சேர்ந்த முதல் நாளே இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பழைய காகித வாடை ஆகாது தம்பி. நடுக்கதவைச் சாத்தியே வெச்சுக்கலாம்" என்றார் அவர்.

அந்தக் கதவை நாங்கள் ஒரு நாள்கூடச் சாத்தவில்லை. சாத்தினால் யாரிடம் வம்பளப்பது?

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஆய்வுப் படகு விடியலில் கரைக்கு வரும்போது படகுத்துறையில் நிற்பார். கையில் ஒரு பென்சில், ஒரு அட்டை, இடுப்பில் சொருகிய துணி. மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்த சில நிமிடத்துக்குத்தான் அதன் உண்மையான நிறம் இருக்கும். அப்புறம் மங்க ஆரம்பித்துவிடும். ஃபார்மலின் ஜாடிக்குள் போய்விட்டாலோ, சிவப்பு மீனும் பச்சை மீனும் எல்லாம் ஒரே நிறம், வடிகட்டிப் போட்ட டீத்தூள் நிறம். அதனால் அக்கா முதலில் நிறத்தைக் குறித்துக்கொள்வார். செதில் எண்ணுவது, துடுப்பு முள் எண்ணுவது, கவராயத்தை வைத்துக் கண்ணின் அகலம் அளப்பது எல்லாம் அப்புறம், அலுவலகத்தில், எனாமல் தட்டில் மீனைக் கிடத்திச் சாவகாசமாக.

நிறத்தைக் குறிக்க எண் போட்ட வண்ண அட்டை ஒன்று வேண்டும் என்று சேர்ந்த புதிதில் எழுதிக் கேட்டிருக்கிறார். கோப்பு மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. ஒன்பதாம் வருடம் பதில் வந்தது: "கோரப்பட்ட பொருள் எழுதுபொருள் பட்டியலில் இல்லை." ஒன்பது வருடம் ஒரு மனுஷி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அக்கா தன் வீட்டையே வண்ண அட்டையாக ஆக்கிக்கொண்டார்.

தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் பென்சிலால் எழுதியிருப்பார். "முதுகு: குளியலறை வாளி மூடி. வயிறு: பெரியவளின் பால் பல். துடுப்பு ஓரம்: மாமியாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. வால்: மாடிப்படிக் கைப்பிடி, மழைக்கு முன்." அன்று மாலையே வீட்டுக்குப் போய் அந்தந்தப் பொருளின் பக்கத்தில் தாளை வைத்துச் சரிபார்த்து, தேதி போட்டுக் கையெழுத்தும் இடுவார். நான் முதல் தடவை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வாளி மூடியை நான் தினம் பார்க்கறேன் தம்பி. அது என்னை ஏமாத்தாது" என்றார்.

அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது புது இயக்குநர் வந்தார். வந்த வேகத்தில் இழுப்பறைகளை எல்லாம் திறக்கச் சொன்னார். இத்தனை நல்ல படங்களை இருட்டில் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று என்னைத்தான் கடிந்துகொண்டார், ஏதோ நான் ஒளித்து வைத்த மாதிரி. எல்லாவற்றையும் பெரிய புத்தகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். அட்டையில் நூற்றுப் பதினெட்டாம் எண் கிளிமீன்.

அன்று மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது மீனக்கா தூரிகைகளை எல்லாம் கழுவிக்கொண்டிருந்தார், ஏற்கனவே கழுவியவற்றையே.

படங்களைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாள் செதில் எண்ணினார். ஒரு செதில்கூடத் தப்பில்லை என்று எழுந்து நின்று அக்காவுக்குக் கை கொடுத்தார். நல்ல பெண்தான். ஆனால் நான்காம் நாள் கிளிமீனை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, "அம்மா, நீலம் எங்கே?" என்று கேட்டார்.

நீலம் இல்லை. ஒரு சமயம் அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்த நீலக் குப்பிகள் சுத்த மட்டம். பூசியபோது பளபளத்தது, சில வருடத்தில் சாம்பலாகிவிட்டது. மற்ற நிறங்கள் அப்படியே இருக்க, நாற்பத்து மூன்று படங்களில் நீலம் மட்டும் செத்துக் கிடந்தது.

"நானே மறுபடி பூசிடறேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அக்கா.

"ஞாபகத்துல இருந்து பூசினா அது அறிவியல் படம் ஆகாதும்மா. ஆதாரம் வேணும். இல்லேன்னா இந்த நாப்பத்திமூணும் கறுப்பு வெள்ளையிலதான் போகும். அட்டையையும் மாத்தணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பத்தோரு வருடம் விடியலில் படகுத்துறையில் நின்றவருக்கு ஞாபகம் போதாதாம்! ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் கோபமாக வந்தது.

ஓரக் குறிப்புகளை நான்தான் காட்டினேன். நிபுணர் படித்துவிட்டு என்னைப் போலவே சிரித்தார். பிறகு, "சரி, இதுல ஏதாவது பத்துப் பொருளைக் கொண்டு வாங்க. மங்காத நிறங்களோட வெச்சுப் பார்க்கறேன். பொருந்திச்சுன்னா குறிப்பை நம்பலாம்" என்றார்.

இந்த இடத்தில் அத்தான் வருகிறார். அக்காவின் வீட்டுக்காரர். அஞ்சலகத்தில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பழைய ரப்பர் வளையங்களைக்கூட அளவு வாரியாகப் பிரித்து வைத்திருப்பார். பத்துப் பொருள் வேண்டும் என்றதும் மனிதருக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பரண் ஏறினார். மகள் வீட்டுக்கு ஓடினார். இரண்டு நாளில் ஒரு பெரிய பையோடு வந்து, வாளி மூடி, பால் பல், கண்ணாடிக் கூடு, குடைக் கைப்பிடி என்று ஒவ்வொன்றிலும் படத்தின் எண் எழுதிய சீட்டு ஒட்டி, மேசையில் வரிசையாகப் பரப்பினார். நிபுணர் நிறம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஒவ்வொன்றின் மேலும் வைத்து வைத்து எடுத்தார். பத்தும் பொருந்தின. பால் பல்கூட.

"இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை" என்றார் நிபுணர். "நாளைக்குப் புத்தகக் கமிட்டி. நீலத்துக்கான பொருளையும் கொண்டு வந்துடுங்க, முடிஞ்சது."

மற்ற நாற்பத்து இரண்டு படங்களின் ஓரத்திலும் நீலத்துக்கு ஒரே குறிப்புதான். "நூற்றுப் பதினெட்டின் கன்னம் போல", "நூற்றுப் பதினெட்டின் கன்னம், சற்று வெளிர்" என்று. நூற்றுப் பதினெட்டின் ஓரத்தில் "கன்னம்: உறையில் உள்ளது" என்று மட்டும் இருந்தது. அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் இழுப்பறையின் அடியில் தேடினேன். கறுப்புக் காகித உறை கிடைத்தது. அக்கா அதைப் பிரித்தார். உள்ளே சல்லடை மாதிரி ஓட்டை விழுந்த, பழுப்பேறிய ஒரு கந்தல் இருந்தது. ராமபாணப் பூச்சி ஒன்று அதிலிருந்து இறங்கி, அவசரமில்லாமல் மேசை விளிம்பைத் தாண்டிப் போனது.

காகிதத்தைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றத்தான் எனக்கு அந்த நாற்காலி. கஞ்சி போட்ட துணி என்றால் ராமபாணத்துக்கு விருந்து. உறைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா?

"என்னக்கா இது?"

அக்கா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "அவர் சட்டைப் பை" என்றார்.

பிறகு மென்று முழுங்கி மென்று முழுங்கிச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முந்திய சங்கதி. கிளிமீன் படகில் வந்த காலையில் அதன் கன்னத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம், இது அவர் சட்டை என்று. அத்தானின் தங்கை தன் கையால் தைத்துக் கொடுத்த சட்டை. மாலையில் தாளைப் பக்கத்தில் வைத்தால் அச்சு அசல். ஆனால் வாளி மூடி மாதிரியா துணி? நாலு தடவை துவைத்தால் வெளுத்துவிடும். அதனால் பிளேடால் பையை நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டார். நாத்தனாரிடம் மிச்சத் துணி கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு பை வைத்துத் தைத்துவிடலாம் என்று கணக்கு. மறுநாள் விடியலில் அக்கா படகுத்துறைக்குப் போய்விட்டார். அத்தான் இருக்கிற துணியை எல்லாம் மூட்டை கட்டித் தெருமுனை இஸ்திரிக் கடையில் போட்டுவிட்டார். திரும்பி வாங்கும்போது சட்டை இருக்கிறது, பை இல்லை.

"நான் சாயந்திரம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சு போச்சு தம்பி. தெருவே கூடி நின்னு பார்த்திருக்கு. இவர் பேசாத பேச்சில்லை. அந்த இஸ்திரிக்காரர் சத்தியம் பண்ணிருக்கார், இவர் காது கொடுத்துக் கேக்கலை. அதுக்கப்புறம் நான் எந்த வாயால சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"பத்தொன்பது வருஷமா?"

"இன்னிக்கும் அரை மைல் நடந்து போய் வேற கடையில கொடுத்து வாங்கறார். நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்." அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அந்தச் சட்டை?"

"பெட்டிக்குள்ள இருக்கு. அது சாட்சியாம். தூக்கிப் போட விட மாட்டார்."

எனக்கு ஒரு நொடியில் உயிர் வந்தது. பை போனால் என்ன, சட்டை இருக்கிறதே! அக்கா வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டினார். மீன் கறுப்பு வெள்ளையிலேயே போகட்டும், வீட்டில் இருக்கிற நிம்மதி போதும் என்றார். நான் விடவில்லை. பூச்சி தின்றது என் இழுப்பறையில். அந்தக் குற்றத்தோடு நான் மிச்ச வருடத்தை ஓட்ட முடியாது. நானும் கூட வருகிறேன் என்று சொல்லி, அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன்.

அத்தான் கூடத்தில் உட்கார்ந்து, நிபுணரிடம் கொண்டு போன பொருள்களைப் பட்டியல் பார்த்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"நான் எப்போ கோபப்பட்டிருக்கேன்?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அந்த இஸ்திரிக்காரர் பையை எடுக்கலைங்க."

அத்தானின் கை வாளி மூடியின் மேல் நின்றது. எந்தப் பை என்று அவர் கேட்கவில்லை.

"நான்தான் எடுத்தேன். கிளிமீனுக்கு."

"மீனுக்கு எதுக்குடி சட்டைப் பை?"

அக்கா ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அத்தான் குறுக்கே பேசவில்லை. அவர் குறுக்கே பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"தினம் அந்த முனையைத் தாண்டும்போது மூஞ்சியை இடது பக்கம் திருப்பிக்கிட்டுப் போறேன்" என்றார் கடைசியில். "பத்தொன்பது வருஷம். அந்த ஆள் என்னைப் பார்த்து, 'ஐயா, உங்க சாமான் ஒரு பொத்தான்கூட என்கிட்ட இல்லைய்யா'ன்னு சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

தெரியும் என்று அக்கா தலையசைத்தார். அத்தான் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஆள் வெளியே வரவில்லை. "நீ போ தம்பி" என்றார் அக்கா. நான் அடிபட்ட மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கமிட்டி. அக்கா தனியாக வந்தார். அத்தான் விடிந்ததுமே எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிட்டாராம், டீகூடக் குடிக்கவில்லையாம். அக்காவின் முகம் சுண்டிப் போயிருந்தது.

நீள மேசையில் இயக்குநர், நிபுணர், புத்தகம் போடப் போகிற அச்சகக்காரர். ஒவ்வொரு படமாக வந்தது. நூற்றுப் பதினேழு முடிந்தது.

"நூற்றுப் பதினெட்டு. நீலத்துக்கு ஆதாரம்?" என்றார் இயக்குநர்.

"என்கிட்ட இல்லைங்க" என்றார் அக்கா.

"என் தப்புங்க. என் இழுப்பறையில பூச்சி தின்னுடுச்சு" என்று நான் எழுந்து நின்றேன். யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. இயக்குநர் பேனாவைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் கதவு திறந்தது. அத்தான் கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம். பின்னால் இன்னொருவர், நரைத்த தலை, விரல்களில் பழைய சூட்டுத் தழும்புகள். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்றார் அத்தான். "சாட்சியைக் கூட்டிட்டு வர வேண்டி இருந்தது."

பொட்டலத்தை அவர் மேசையில் வைத்தார். அஞ்சலகத்துக்காரர் கட்டிய கட்டு. நாலு பக்கமும் சணல், முடிச்சுகளின் மேல் அரக்கு. நடுவில் ஒட்டிய சீட்டில் மணி மணியான எழுத்தில் எழுதியிருந்தது: "பை திருடப்பட்ட சட்டை. சாட்சிப் பொருள். யாரும் திறக்கக் கூடாது." கீழே தேதி, கையெழுத்து.

நிபுணர் சீட்டைப் படித்தார். கிளிமீன் தாளின் தேதியைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"படம் வரைஞ்ச தேதிக்கு மறுநாளே முத்திரை போட்டிருக்கீங்க?"

"சண்டை போட்ட அன்னிக்கே போட்டேன். எனக்கு அவ்வளவு கோபம்."

"இதுக்கு நடுவுல திறக்கவே இல்லையா? வெளிச்சமே படலையா?"

"வழக்குப் போடலாம்னு வெச்சிருந்தேன். திறந்தா சாட்சி கெட்டுப் போயிடாதா?"

நிபுணருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சணலை அறுத்தார். சட்டையை எடுத்து விரித்தார். நான் கவிதை எழுதுகிற ஆள் இல்லை. நீலமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். மார்பில் பை இருந்த இடத்தில் பிரித்த தையலின் ஊசித் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அன்னைக்கு இருந்த நீலம்தானா இது?" என்று இயக்குநர் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இதேதாங்க" என்றார் இஸ்திரிக்காரர். "என் வாழ்நாள்ல லட்சம் சட்டை தேய்ச்சிருப்பேன். ஒண்ணும் ஞாபகம் இல்லை. இதை மறப்பேனா? இதால தெருவே பார்க்க வாங்கிக் கட்டிக்கிட்டேன்." பிறகு சட்டையைக் கிட்டே போய்ப் பார்த்து முகம் சுளித்தார். "ஐயய்யோ, எப்படிச் சுருங்கிக் கிடக்கு. கொடுங்க, கடைக்கு எடுத்துட்டுப் போய் ஒரு நிமிஷத்துல..."

"வேண்டாம்!" என்று மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அச்சகக்காரர்கூட.

கருவியை வைத்து அளந்தார்கள். எண்களை எழுதிக்கொண்டார்கள். நாற்பத்து மூன்று மீனுக்கும் நீலம் திரும்பி வந்தது. அடுத்த ஒரு மாதம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் விரித்த சட்டையைப் பார்த்துப் பார்த்துப் பூசினார். பூசும்போது பாடவும் செய்தார். அவருக்குப் பாட வராது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த விடியலில் கடை முன்னால் என்ன நடந்தது என்பதை இஸ்திரிக்காரர்தான் டீ குடிக்கும்போது சொன்னார். அத்தான் பொட்டலத்தோடு வந்து நின்றாராம். வாய் திறக்கவே இல்லையாம். இவர் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, விசிறி, சூடு ஏற்றுகிற வரைக்கும் அவர் அப்படியே நின்றாராம். இவருக்கே பொறுக்காமல், "என்னங்க, இந்தத் தடவை காலரைக் காணோமா?" என்று கேட்டாராம். அதற்கு அத்தான் அழுதுவிட்டாராம். அத்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கரிப் புகை என்கிறார்.

மனைவியோடு அவர் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் புதுச் சட்டை ஒன்றைக் கொண்டு வந்து, "இதுல ஏதாவது மீன் இருக்கான்னு இப்பவே பார்த்துச் சொல்லிடு. அப்புறம்தான் நான் போடுவேன்" என்றாராம்.

சட்டையை ஆவண அறையில் சேர்த்துவிட்டேன். பதிவேட்டில் "நிற ஆதாரம்: சட்டை ஒன்று, நீலம். பை இல்லை" என்று எழுதியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன். புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் கிளிமீன், கன்னத்தில் அந்த நீலம். ஒரு பிரதி எங்கள் அலமாரியில் இருக்கிறது. இன்னொன்று இஸ்திரிக் கடையில், சூடு படாத மேல் தட்டில் இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீனக்கா ஓய்வு பெற்ற நாளில் தூரிகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நானும் போனேன். அத்தான் அழைத்துப் போக வந்திருந்தார். மூன்று பேரும் தெருமுனையை நெருங்கும்போது இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அம்மா, இனிமே மீனுக்கு ஏதாவது வேணும்னா என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டுங்க!"

பத்தொன்பது வருடம் அந்த இடத்தில் இடது பக்கமே பார்த்துப் போன மனிதர், கழுத்தை வலது பக்கம் திருப்பினார். வாய் விட்டுச் சிரித்தார். பிறகு கடை முன்னால் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்காவும் நானும் அவர் இல்லாமலே வீட்டுக்கு நடந்தோம்.